பிரதிபேதமும் பதிப்பு எண்ணும்

தமிழ்த்துறைகளிலும் பதிப்பகங்களிலும் ஒரு சொற்றொடர் மந்திரம்போலப் புழங்கிவருகிறது: 'ஃபான்ட் பிரச்சினை சார்.' ஆய்வேட்டின் மென்பிரதி கட்டம் கட்டமாகத் தெரிகிறதா, ஃபான்ட் பிரச்சினை. பதினைந்தாண்டுக்கு முன் வெளிவந்த நூலை மறுபதிப்பாகக் கொண்டுவர இயலவில்லையா, ஃபான்ட் பிரச்சினை. மலருக்கு அனுப்பிய கட்டுரையில் ஒற்றெழுத்துகள் எல்லாம் உதிர்ந்து அச்சாகியிருக்கின்றனவா, அதுவும் ஃபான்ட் பிரச்சினைதான். இச்சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் பேராசிரியர் தலையசைக்கிறார், பதிப்பாளர் பெருமூச்சு விடுகிறார், கோப்பு ஒதுக்கப்படுகிறது. மழை பெய்ததுபோல, மின்சாரம் போனதுபோல, யாரும் பொறுப்பில்லாத ஓர் இயற்கை நிகழ்வாக அது ஏற்றுக்கொள்ளப்படுகிறது.

இந்த ஏற்பை நான் மறுக்கிறேன். ஃபான்ட் பிரச்சினை என்று தனியாக ஒன்று இல்லை. இருப்பது பாடபேதம். ஒரு பனுவல் ஒரு ஊடகத்திலிருந்து இன்னொன்றுக்குப் பெயரும்போது எதை இழந்தது, எது திரிந்தது, எது மூலபாடம் என்று கேட்கும் கலைக்குப் பதிப்பியல் என்று பெயர். அதை முதுகலையில் ஒரு தாளாகவே நடத்துகிறோம். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரைப் பற்றிப் பத்து மதிப்பெண் வினா கேட்கிறோம். அதே வேலை நம் மேசைமீது வந்து கிடக்கும்போது மட்டும், 'அது டி.டி.பி. ஆள் பார்க்க வேண்டியது' என்று கையை உதறிவிடுகிறோம். இம்முரணே என் குற்றச்சாட்டு.

முதலில் நோயின் தன்மையைப் பார்ப்போம். கணினியில் ஒரு தமிழ்ப் பனுவல் கண்ணுக்குப் புலப்பட வேண்டுமானால் நான்கு பொருள்கள் ஒன்றோடொன்று இசைந்திருக்க வேண்டும்: எழுத்தை எண்ணாக்கும் குறியாக்கம், அவ்வெண்ணுக்கு உருவம் தரும் எழுத்துரு, பக்கம் கோக்கும் மென்பொருள், இவையனைத்தையும் தாங்கும் இயங்குதளம். நான்குக்கும் தனித்தனிப் பதிப்பு எண் உண்டு. நான்கும் வெவ்வேறு ஆண்டுகளில் மூப்படைகின்றன. ஒன்றை மட்டும் புதுப்பித்தால் மற்ற மூன்றும் அதனோடு பிணங்குகின்றன. மென்பொருள் எழுதுவோர் இதை நன்கறிவார்கள். தாங்கள் பயன்படுத்தும் கருவியின் பதிப்பும், எந்தக் கட்டமைப்பின்மேல் தம் செயலியை எழுப்பியிருக்கிறார்களோ அதன் பதிப்பும் பொருந்தவில்லை என்றால் ஒரு வரியும் ஓடாது என்பது அவர்களுக்கு அன்றாட அனுபவம். ஆகவேதான் எந்த நிரலுடனும் அதற்குத் தேவையானவற்றின் பெயரையும் பதிப்பு எண்ணையும் ஒரு சிறு கோப்பில் எழுதி வைக்கிறார்கள். பைத்தான் மொழியின் மூன்றாம் பதிப்பு 2008 டிசம்பரில் வந்தது. இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 சனவரி முதல் நாளில் நின்றது. பதினோராண்டுகள் முன்னறிவிப்பு. அதற்குள் மாறியவர் மாறினர், மாறாதவர் தம் நிரல் எந்தப் பதிப்பில் ஓடும் என்பதையாவது குறித்து வைத்தனர். தமிழ்ப் பதிப்புலகில் அப்படி ஒரு குறிப்பு எழுதும் வழக்கமே உருவாகவில்லை.

உருவாகாததன் விளைவை வரலாற்றில் காணலாம். எட்டு பிட் எழுத்துருக்களின் காலத்தில் கிடைத்த இடங்கள் 256. அவற்றுள் பாதி ஆங்கிலத்துக்கும் குறியீடுகளுக்கும் போய்விடும். தமிழின் 247 எழுத்துகளும் எஞ்சியதில் அடங்கா. எனவே எழுத்துகளை உறுப்புகளாக உடைத்து, கொம்பு ஓரிடம், கால் ஓரிடம், புள்ளி ஓரிடம் என்று வைத்தார்கள். ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி வைத்தார்கள் என்பதுதான் சிக்கல். ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் பரவலாக இருந்த பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்ற சொல் கணினிக்குள் எப்படி இருந்தது தெரியுமா? ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாக. பாமினி அகற்றப்பட்ட கணினியில் அச்சொல் அந்த ஐந்து குறிகளாகவே நின்றது. அதாவது அக்கோப்பில் தமிழ் என்றுமே இருந்ததில்லை. தமிழின் தோற்றம்தான் இருந்தது.

இக்குழப்பத்தை நீக்கப் பலர் உழைத்தார்கள், மறுக்கவில்லை. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் உலகெங்குமுள்ள தமிழ் ஆர்வலர்கள் இணையத்தில் கூடி விவாதித்து உருவாக்கியது டிஸ்கி. 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்னும் இரு குறியாக்கங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. ஆனால் தரப்பாடுகளுக்குள்ளேயே பதிப்புகள் முளைத்தன. டிஸ்கியில் இகரத்துக்குத் தரப்பட்ட இடம் 173. அவ்விடம் உலகக் கணினிகளில் சொல்லை வரியிறுதியில் ஒடிக்கும் மறைமுகக் கோட்டுக்கு உரியது. பல மென்பொருள்கள் அதைக் காட்டாமல் விட்டன. 'இந்த' என்று எழுதினால் 'ந்த' என்று தெரிந்தது. பின்வந்த திருத்தத்தில் இகரத்தை 254ஆம் இடத்திலும் வைத்தார்கள். ஆக, டிஸ்கி என்று ஒரே பெயர் தாங்கிய இரு கோப்புகளில் இகரம் இரு வேறு எண்களாக இருக்கக்கூடும். எந்தத் திருத்தத்தைச் சேர்ந்த கோப்பு என்று யாரும் எழுதி வைக்காவிட்டால், அதைத் திறப்பவர் ஊகித்துத்தான் ஆக வேண்டும்.

யூனிகோடு எனப்படும் ஒருங்குறி இந்த ஊகத்துக்கு முற்றுப்புள்ளி வைக்க வந்தது. 1991இல் வெளியான அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. அதன் கொள்கை எளியது: வடிவத்துக்கு எண் இல்லை, எழுத்துக்கே எண். 1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தை எண்ணிப்பாருங்கள். துதிக்கை வைத்த பழைய லை, னை எல்லாம் மாறின. எட்டு பிட் எழுத்துருவில் அந்தப் பழைய வடிவம் தனி உருப்படி, தனி எண். ஒருங்குறியில் பழைய வடிவானாலும் புதிய வடிவானாலும் எண்கள் ஒன்றே. தோற்றம் எழுத்துருவின் பாடு. எழுத்து வேறு, வரிவடிவம் வேறு என்று நாம் வகுப்பறையில் சொல்லிக்கொடுப்பதையே அது கணினியில் செய்துகாட்டியது. தமிழாசிரியர்கள் முதலில் வரவேற்றிருக்க வேண்டிய ஏற்பாடு அது.

நடந்தது என்ன? அச்சகங்களும் பதிப்பகங்களும் அடோபி நிறுவனத்தின் பேஜ்மேக்கரில் பக்கம் கோத்தன. அதன் கடைசிப் பதிப்பான 7.0 வெளியானது 2001இல். 2004இல் அதன் வளர்ச்சி நிறுத்தப்பட்டது. அதற்கு ஒருங்குறி தெரியாது. அதன் வாரிசான இன்டிசைன் இந்திய மொழிகளை முறையாகக் கோக்கத் தொடங்கியது 2012இல் வந்த சி.எஸ்.6 பதிப்பில். அதுவரை அச்சுக்கோப்பவருக்கு வேறு வழியில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நியாயமாகப் பார்த்தால் அவர்களைச் சோம்பேறிகள் என்று ஏசுவது தவறு. வெளிநாட்டு நிறுவனம் தமிழை ஒரு சந்தையாகக்கூட மதிக்காத காலம் அது. ஆனால் 2012க்குப் பிறகும் அதே மென்பொருளை, அதே எழுத்துருவை, அவற்றுக்காகவே அதே பழைய கணினியைக் கட்டிக்கொண்டு அழுதவர்களுக்கு என்ன சமாதானம்? 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றது. 2023 சனவரியில் டைப் 1 வகை எழுத்துருக்களை அடோபி கைவிட்டது. பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கத் தெரிந்த கடைசி இன்டிசைனும் அதே சி.எஸ்.6தான். பழைய கரையையும் புதிய கரையையும் தொட்டுக்கொண்டு நின்ற ஒரே பாலம் அது. அப்பாலத்தைக் கடக்கப் போதிய அவகாசம் இருந்தும் பலர் கரையிலேயே அமர்ந்திருந்தனர்.

இதனால் நேரும் கேட்டில் மிகக் கொடியது வெளியே தெரியாதது. நூலாசிரியர் ஒருங்குறியில் எழுதி அனுப்புகிறார். அச்சுக்கோப்பவர் அதைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றிப் பக்கம் கோக்கிறார். மெய்ப்பு மும்முறை திருத்தப்படுகிறது; திருத்தங்கள் எல்லாம் அச்சுக்கோப்பிலேயே ஏறுகின்றன. நூல் வெளியாகிறது. பத்தாண்டு கழித்து மறுபதிப்புப் பேச்சு வரும்போது அச்சுக்கோப்பு திறப்பதில்லை. உடனே ஆசிரியரிடம் இருக்கும் பழைய ஒருங்குறிக் கோப்பை வாங்கி அதையே புதிதாக அச்சிடுகிறார்கள். திருத்தப்படாத அப்பிரதியே 'திருத்திய இரண்டாம் பதிப்பு' என்ற முகப்போடு வெளிவருகிறது. ஏட்டுச்சுவடிக் காலத்தில்கூட இத்தகைய தலைகீழ் மரபு அரிது. மூலபாட ஆய்வாளன் ஒருவன் நூறாண்டுக்குப் பின் வந்து இவற்றை ஒப்பிட்டால், முதற்பதிப்பைத்தான் பிந்தியது என்று முடிவுகட்டுவான்.

நான் வசிக்கும் நல்லவாட்டையும் அதையடுத்த கடற்கரை ஊர்களையும் சுற்றி, மீனவர் வழக்குச் சொற்களை 2003ஆம் ஆண்டளவில் நண்பர் ஒருவர் தொகுத்தார். காற்று, நீரோட்டம், வலை, மரம், மீன் பற்றிய சொற்கள். சொல்லித் தந்த முதியவர்களுள் பெரும்பாலோர் இன்று இல்லை. தட்டச்சு செய்த கடை மூடப்பட்டுவிட்டது. குறுந்தகட்டில் கோப்பு இருக்கிறது. எந்த எழுத்துரு என்ற குறிப்பு இல்லை. அண்மையில் அதை ஒருங்குறிக்கு மாற்ற முயன்றபோது, நெருங்கிய உறவுள்ள இன்னோர் எழுத்துருவின் அட்டவணை ஓரளவு பொருந்திற்று. ஓரளவு என்ற சொல்லில்தான் ஆபத்து இருக்கிறது. கொண்டல், கச்சான், சோழகம், வாடை எல்லாம் சிதைந்து வந்தாலும் திருத்திவிடலாம்; அகராதி துணைக்கு வரும். எந்த அகராதியிலும் ஏறாத சொல், இக்கோப்பு ஒன்றில் மட்டுமே உயிர்வாழும் சொல், சிதைந்து வந்தால்? அது சிதைந்திருக்கிறது என்பதையே அறிய வழியில்லை. பொதுச்சொல் தப்பிக்கும், அரிய சொல் சாகும். இம்மாதிரி இழப்பு எப்போதும் எளியவர்களின் மொழியைத்தான் முதலில் தின்கிறது.

இத்தகைய கோப்பை மீட்பது மாயவித்தை அன்று. அதற்கு ஒழுங்கு உண்டு, அவ்வொழுங்கு பதிப்பாசிரியனுக்குப் பழக்கமானதே. மூலக்கோப்பைத் தொடாமல் படி எடுத்துக்கொள்ள வேண்டும். எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். லிப்ரே ஆபிஸ் 2015இல் வந்த 4.4 பதிப்பு முதல் பேஜ்மேக்கர் கோப்புகளை வாசிக்க முயல்கிறது, அங்கே தொடங்கலாம். அடுத்து எழுத்துரு. அச்சான ஒரு பக்கமேனும் கிடைத்தால் அதைக் கோப்போடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு அட்டவணையைச் சரிபார்க்க வேண்டும். பின்னர் வரிசை: பழைய எழுத்துருவில் 'கொ' என்பது கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இருக்கும், ஒருங்குறியில் ககரம் முதலில் வரும். அச்சுக்கோப்பவர் வரியை ஒடிக்கும்போது கொம்பை மேல்வரியிலும் ககரத்தைக் கீழ்வரியிலும் விட்டிருந்தால் மாற்றி தடுமாறும். இவ்வளவும் செய்துமுடித்தபின் மனிதக் கண் ஒருமுறை முழுவதும் படிக்க வேண்டும். ஒரு காலத்தில் சுரதாவின் மாற்றி, என்.எச்.எம். மாற்றி முதலிய இலவசக் கருவிகளை ஆக்கித் தந்தவர்கள் இப்பணியின் பெரும்பகுதியை எளிதாக்கினார்கள். ஆனால் படித்துப் பார்க்கும் வேலையைக் கருவி செய்யாது. அது தமிழ் படித்தவன் செய்ய வேண்டியது.

ஒருங்குறிக்கு வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எண்ணுவோர்க்கும் ஒரு சொல். 2005இல் வந்த ஒருங்குறி 4.1 பதிப்பில் ஶகரம் புதிதாகச் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் 'ஸ்ரீ' என்பது ஸகரத்தைக் கொண்டு எழுதப்பட்டது. அதன்பின் ஶகரத்தைக் கொண்டு எழுதுவதே முறை என்று ஆயிற்று. இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றொன்று கிடைக்காது. 'கௌரவம்' என்பதை ஔகாரக் குறியிட்டு எழுதுபவர் உண்டு. ஒற்றைக்கொம்பும் ளகரமும் இட்டுக் 'கெளரவம்' என்று எழுதுபவரும் உண்டு. காலுக்குப் பதில் ரகரத்தை அடித்த கோப்புகளும் ஏராளம். ஏட்டுச்சுவடியில் ரகரத்துக்கும் காலுக்கும் வேறுபாடில்லை, புள்ளியும் இல்லை, எகர ஏகாரங்களையும் ஊகித்தே படிக்க வேண்டும் என்று மாணவர்க்குச் சொல்கிறோம். அதே மயக்கம் இதோ மின்னெழுத்தில் மறுபிறவி எடுத்திருக்கிறது. இதைக் கண்டுபிடிக்கத் தமிழாசிரியனைவிடத் தகுதியானவர் யார்?

எதிர்வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

'பழைய கணினியைப் பத்திரமாக வைத்திருக்கிறோம்' என்பது முதல் வாதம். வன்தட்டுக்கு ஆயுள் உண்டு. ஒரு பொறியை நம்பி வைத்த நூலகம் அப்பொறியோடு சேர்ந்தே உடன்கட்டை ஏறும்.

'பி.டி.எஃப். இருக்கிறதே' என்பது இரண்டாவது. பழைய எழுத்துருவில் கோத்த பி.டி.எஃப்.பிலிருந்து ஒரு பத்தியைப் படியெடுத்து ஒட்டிப் பாருங்கள். வருவது தமிழாக இராது. அது பக்கத்தின் புகைப்படம் என்ற அளவில் பயன்படும், பனுவலாகப் பயன்படாது.

'ஒளியெழுத்துணரி வந்துவிட்டது, அச்சுநூலை வருடி மீட்டுவிடலாம்' என்பது மூன்றாவது. மெய்தான், பெரும் உதவி. ஆயினும் தமிழ் விக்கிமூலத்தில் அப்படி ஏற்றப்பட்ட நாட்டுடைமை நூல்களைத் தன்னார்வலர்கள் இன்னும் பக்கம் பக்கமாக மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நம்மிடம் இருந்த சரியான கோப்பைத் தொலைத்துவிட்டு, ஊர்பேர் தெரியாத தொண்டர்களின் கண்களைத் தேய்ப்பது என்ன நீதி? அச்சேறாத கையெழுத்துத் தொகுப்புகளுக்கு இவ்வழியும் கிடையாது.

நான்காவது வாதம் கனமானது: ஒருங்குறி தமிழுக்கு அநீதி இழைத்தது, உயிர்மெய்களை உடைத்தது, 'தமிழ்' என்னும் மூன்றெழுத்துச் சொல்லைக் கணினி ஐந்தாக எண்ணுகிறது, எனவே தமிழ் முழு எழுத்துகளுக்கும் இடம் தரும் அனைத்தெழுத்துக் குறியாக்கமே வேண்டும். இக்குறையை நான் மறைக்கவில்லை. பைத்தானில் அச்சொல்லின் நீளத்தைக் கேட்டால் ஐந்து என்றுதான் விடை வரும். தொல்காப்பியம் கற்றவனுக்கு அது உறுத்தும். தமிழக அரசும் 2010இல் ஒருங்குறியோடு அந்த 16 பிட் அனைத்தெழுத்துக் குறியாக்கத்தையும் ஏற்றது. ஆயினும் அக்குறியாக்கம் குடியிருப்பது ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில். அப்பகுதியில் ஓர் எண் எதைக் குறிக்கும் என்பதற்கு உலகில் எவரும் உறுதி தருவதில்லை; தருபவரும் பெறுபவரும் உடன்பட்டால்தான் பொருள். பாமினியின் துயரமும் அதுவேயன்றோ? எழுத்தெண்ணிக்கையைச் சரியாகக் கணக்கிடப் பத்து வரி நிரல் போதும். அத்தகைய நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அதற்காக இன்னொரு தீவைக் கட்டிக்கொண்டு அங்கே குடிபுக வேண்டியதில்லை.

எதிர்த்திசையில் சான்றும் உண்டு. 1998இல் தொடங்கப்பட்ட மதுரைத்திட்டம், கு.கல்யாணசுந்தரம் முதலான தன்னார்வலர்களின் உழைப்பால், தான் ஏற்றிய நூல்களை டிஸ்கியிலிருந்து ஒருங்குறிக்குப் பெயர்த்தது. ஒவ்வொரு நூலின் தலையிலும் யார் தட்டச்சிட்டார், யார் மெய்ப்புப் பார்த்தார், எந்தக் குறியாக்கம் என்ற குறிப்பு இருந்தது. மாற்றம் இயன்றதற்கு அக்குறிப்பும் ஒரு காரணம். ஊதியம் பெறாதவர்களால் இயன்றது, ஊதியம் பெறும் நமக்கு ஏன் இயலவில்லை?

எங்கள் ஊரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் வில்லியனூரை மையமாகக் கொண்டு தொடங்கிய தகவல் கிராமத் திட்டத்தின் நிலையம் ஒன்று நல்லவாட்டில் இருந்தது. கடல்நிலையை ஒலிபெருக்கியில் மீனவர்க்கு அறிவிப்பது அதன் வழக்கம். 2004 டிசம்பர் 26 காலையில் சிங்கப்பூரிலிருந்த ஊர்க்காரர் ஒருவர் ஆழிப்பேரலைச் செய்தியறிந்து தொலைபேசியில் எச்சரித்தார். நிலையத்தின் ஒலிபெருக்கி வழியே அறிவிப்பு போயிற்று. ஊர் மக்கள் உயிர்தப்பினர். இதைத் தொழில்நுட்பத்தின் வெற்றி என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். நான் அதில் காண்பது வேறு. சிங்கப்பூர்த் தொலைபேசி முதல் ஊர் ஒலிபெருக்கி வரை சங்கிலியின் எந்தக் கண்ணியும் அடுத்த கண்ணியோடு பிணங்கவில்லை. அனுப்பியது அனுப்பியபடியே சேர்ந்தது. ஒரு கண்ணி பொருந்தாமல் போயிருந்தாலும் மற்றவற்றின் சிறப்பு எதற்கும் உதவியிராது. கால் நூற்றாண்டு தள்ளி வருகிற வாசகனுக்கு நாம் அனுப்பும் செய்தியும் இவ்வாறே கண்ணி கண்ணியாகத்தான் போக வேண்டும்.

ஆகவே என் கோரிக்கைகள் நான்கு. பல்கலைக்கழகங்கள் ஆய்வேட்டின் அச்சுப்படியோடு ஒருங்குறியிலான வெற்றுப் பனுவலையும் கட்டாயமாகப் பெற வேண்டும். பதிப்பகங்கள் இறுதி மெய்ப்பு ஏறிய பனுவலை ஒருங்குறியில் ஆசிரியருக்குத் திருப்பித் தருவதை ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். எழுதாத ஒப்பந்தத்தில் ஆசிரியர்கள் கையெழுத்திடக் கூடாது. நூலின் உரிமைப் பக்கத்தில் தாளின் எடையையும் எழுத்தின் அளவையும் அச்சிடும் நாம், மென்பொருள், எழுத்துரு, குறியாக்கம் ஆகியவற்றின் பெயரையும் பதிப்பு எண்ணையும் ஒரு வரியில் சேர்க்க வேண்டும். முதுகலைப் பதிப்பியல் தாளில் ஓர் அலகு மின்பிரதிகளுக்கு ஒதுக்கப்பட வேண்டும். பழைய எழுத்துருக் கோப்பு ஒன்றை மாணவர் தம் கையால் மீட்டுக் காட்ட வேண்டும்.

புதுச்சேரியில் 1955இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. பெருமைப்படுகிறோம். பெயர் தெரியாத ஏடெழுதிகளின் பொறுமை அது. பல ஏடுகளின் கடைசியில் எழுதி முடித்த நாளும் எழுதியவன் பெயரும் இருக்கும். பிழை பொறுக்கும்படி வேண்டுகோளும் சில சமயம் இருக்கும். அவனுக்குக் கணினி தெரியாது. ஆனால் தன் பிரதி தன் காலத்துக்குப் பின்னும் ஒருவன் கையில் போய்ச் சேரும் என்பதும், அவனுக்குச் சில குறிப்புகள் தேவைப்படும் என்பதும் தெரிந்திருந்தன. நம் குறுந்தகடுகளில் அந்த ஒரு வரி இல்லை.